கதவைத் திறந்தவர் கணக்கில் இல்லை: பாலிகஞ்சின் உடல்நல ஆய்வுகளைப் பற்றி ஒரு கேள்வி

வீடு வீடாகச் சென்று எடுக்கும் உடல்நல ஆய்வில் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, புகையிலை என்ற கேள்விகள் பிறகுதான் வரும். முதலில் ஆள் பட்டியல் எழுதவேண்டும். இந்த வீட்டில் வழக்கமாக வசிப்பவர் யார்? நேற்றிரவு இங்கே தங்கியவர் யார்? தேசியக் குடும்பநல ஆய்வு இப்படித்தான் தொடங்குகிறது. தெற்குக் கல்கத்தாவில் பாலிகஞ்சின் ஒரு மாடிக் குடியிருப்பில் இந்தக் கேள்வியோடு வந்து நிற்கும் களப்பணியாளருக்குப் பெரும்பாலும் வீட்டு வேலை செய்யும் பெண்தான் கதவைத் திறந்துவிடுவார். பட்டியலில் அவர் பெயர் ஏறாது. அவர் உறங்குவது கானிங் பக்கத்துக் கிராமம் ஒன்றில்.

‘பாலிகஞ்சில் வாழும் வயதுவந்தோர்’ என்ற தொடரை இந்த இரவுக் கணக்கு எப்படிக் கோணலாக்குகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். உழைப்பு, அசைவின்மை, தின்பது, குடிப்பது, மூச்சில் இழுப்பது என்று இடர்க்காரணிகளில் பெரும்பாலானவை பகலில் சேர்கின்றன. ஆனால் ஓர் ஊரின் இடரைக் கணக்கிடும்போது அங்கே இரவைக் கழிப்பவர்களை மட்டுமே எண்ணுகிறோம்.

முதலில் பட்டியலில் இருப்பவர்களைப் பார்ப்போம். கரியாஹாட், ஏக்டாலியா, ஃபெர்ன் ரோடு, மேண்டிவில் கார்டன்ஸ் என்று நீளும் இந்த வட்டாரத்திலிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியாக மேற்கே நடந்தால் லேக் மார்க்கெட் வந்துவிடும். கல்கத்தாத் தமிழர்களுக்குக் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் காப்பிப்பொடியும் கிடைக்கும் இடம் என்றால் போதும். தெற்கே ரபீந்திர சரோபர். 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரி இது. 1958-ல் பெயர் மாறியும், பழையவர்கள் வாயில் இன்னும் ‘லேக்’தான். சுமார் 73 ஏக்கர் நீர்ப்பரப்பைச் சுற்றி விடியற்காலையில் நடப்பவர்கள், ஆய்வு மொழியில் சொன்னால், ‘ஓய்வுநேர உடலியக்கம்’ உடையவர்கள். படிவத்தில் அவர்களுக்கு நல்ல மதிப்பெண் விழும்.

அந்த மதிப்பெண்ணிலும் ஓட்டை உண்டு. குளிர் இறங்கியதும் மங்கி டோப்பி என்னும் குரங்குக் குல்லாவும் மப்ளருமாக ஏரிக்கரை நிறைந்துவிடும். காதில் காற்று புகுந்தால் ஆபத்து என்பது வங்காளிகளின் உறுதியான நம்பிக்கை. பத்து வருடம் இங்கே இருந்தால் தமிழருக்கும் அது ஒட்டிக்கொள்ளும். மூக்கில் புகும் காற்றைப் பற்றி அத்தனை கவலை இல்லை. குளிர்கால விடியலில் தரையையொட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமர்வதால், வண்டிப்புகையும் அடுப்புப்புகையும் மேலே போக வழியின்றித் தாழ்ந்து நிற்கும். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளுக்கு 24 மணிநேரச் சராசரியாக இந்தியத் தரம் அனுமதிப்பது கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த வரம்பு 15. மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி அளவீட்டு நிலையங்கள் பாலிகஞ்சிலும் ரபீந்திர சரோபரிலும் இருக்கின்றன. ஆகவே எவ்வளவு துகள் என்பது அறியக்கூடிய செய்திதான். நடந்தீர்களா என்று கேட்க வினாநிரலில் இடம் இருக்கிறது, எந்தக் காற்றில் நடந்தீர்கள் என்று கேட்க இல்லை.

இனி, பட்டியலில் இல்லாதவர்கள் வந்திறங்கும் ரயில் நிலையம். கானிங், லக்ஷ்மிகாந்தபூர், டைமண்ட் ஹார்பர் கிளைகளிலிருந்து வரும் சியால்தா தெற்குப் பிரிவு லோக்கல்கள் எல்லாம் பாலிகஞ்ச் ஜங்ஷனைத் தொட்டே போகின்றன. கானிங், சியால்தாவிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். விடியற்கால வண்டிகளிலிருந்து பாலிகஞ்சிலும் அடுத்துள்ள டாக்குரியா, ஜாதவ்பூரிலும் இறங்கும் பெண்கள், பிஜன் சேதுவின் அடியிலும் சந்துகளிலும் பிரிந்து, ஆளுக்கு மூன்று நான்கு வீடுகளுக்குப் போகிறார்கள். வீடுகளில் இவர்களுக்கு ‘காஜேர் மாஷி’ என்று பெயர். பெருக்கித் துடைப்பது, பாத்திரம், துணி, பல வீடுகளில் சமையலும். நடுவில் டீ, பிஸ்கட், பொட்டலத்தில் கொண்டுவந்த முரி, அதாவது பொரி. இரண்டு வீடுகளுக்கு நடுவே கழிப்பறைக்குப் போக இடமில்லை. வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்த விடாத வீடுகளும் உண்டு. அதனால் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். எத்தனை பழம், எத்தனை காய்கறி என்று கேட்கும் வினாநிரல் இதைக் கேட்பதில்லை.

புகையிலையில் சிக்கல் வேறு மாதிரி. நடைமேடை இருக்கையில் ஒரு பெண் சிறு டப்பாவிலிருந்து கறுப்புப் பொடியை ஆள்காட்டி விரலில் எடுத்து ஈறில் தேய்த்துக்கொண்டிருந்தார். புகையிலை போடுவீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். “ஐயோ, இல்லை அண்ணா, இது பல்பொடி” என்றார். அது குல். புகையிலைத் தூளால் செய்தது. வாயில் வைத்தால் தலை லேசாகும், பசி மட்டுப்படும். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் இது பிடிபடும். 2016-17-ல் நடந்த வயதுவந்தோர் புகையிலை ஆய்வு மேற்கு வங்கத்தில் 33.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகக் கண்டது. இந்தியச் சராசரி 28.6, தமிழ்நாடு 20.0. மாநில எண்ணாக இது நல்ல எண். ஆனால் லேக் மார்க்கெட் தமிழ்க் குடும்பத்து மாமியும், அவர் வீட்டில் பாத்திரம் துலக்குபவரும், அந்த வாசலில் பீடி பிடிக்கும் ரிக்‌ஷாக்காரரும் ஒரே சராசரிக்குள் கரைகிறார்கள்.

உடலியக்கம் பற்றிய பகுதிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வினாநிரல் இயக்கத்தை வேலை, பயணம், ஓய்வுநேரம் என்று பிரித்துக் கேட்டு, கடைசியில் மூன்றையும் கூட்டுகிறது. அந்தக் கூட்டலில் மாஷி மிகவும் ஆரோக்கியமானவர் ஆகிவிடுகிறார். குனிந்து தரை துடைப்பதும் ஏரியைச் சுற்றி நடப்பதும் ஒரே நாணயமா? கோப்பன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வயதுவந்தோரைத் தொடர்ந்து கவனித்து 2021-ல் வெளியான ஆய்வு, ஓய்வுநேர இயக்கம் கூடினால் இதயநோயும் இறப்பும் குறைவதையும், வேலையிடத்து இயக்கம் கூடினால் அவை அதிகரிப்பதையும் கண்டது. டென்மார்க்கின் தொழிலாளியை அப்படியே கானிங்குக்கு மாற்ற முடியாது. புகைப்பழக்கம், வறுமை, படிப்பு ஆகியவற்றின் செல்வாக்கை முழுவதும் பிரித்தெடுக்க முடியுமா என்ற விவாதமும் முடியவில்லை. இருந்தாலும், ஓய்வில்லாத இயக்கத்தையும் ஓய்வுக்காகச் செய்யும் இயக்கத்தையும் கூட்டி ஒரே எண்ணாக்கும் முன் ஒருமுறை யோசிக்க இது போதிய காரணம்.

ஒரே எண்ணாக்குவதன் சிக்கலுக்கு இன்னோர் உதாரணமாக, சென்னையில் நீரிழிவு மருத்துவர் வி. மோகனும் உடன் பணியாற்றியவர்களும் 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர்மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். இரத்தம் எடுக்காமல் வயது, இடுப்புச் சுற்றளவு, இயக்கம், பெற்றோரின் நோய் ஆகிய நான்கை மட்டும் வைத்து நூற்றுக்கு எண் போடும் எளிய கருவி. அறுபதைத் தொட்டால் உயர் இடர். கணக்குக்காக இருவரைக் கற்பனை செய்கிறேன். ஃபெர்ன் ரோட்டில் ஓய்வுபெற்ற 62 வயதுப் பெண்: வயதுக்கு 30, இடுப்பு 92 சென்டிமீட்டருக்கு 20, நடைப்பயிற்சி உண்டு ஆனால் கடின வேலை இல்லை என்பதால் 20, தந்தைக்குச் சர்க்கரை இருந்ததால் 10. மொத்தம் 80. அவர் வீட்டில் வேலை செய்யும் 42 வயதுப் பெண்: வயதுக்கு 20, இடுப்பு 78 என்பதால் 0, கடின வேலை உண்டு, பயிற்சி இல்லை என்பதால் 20, பெற்றோருக்கு நோய் ‘இல்லை’ என்பதால் 0. மொத்தம் 40, நடுத்தர இடர்.

அந்தக் கடைசி 0-ஐக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். முதலாமவரின் தந்தை இரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர். அதனால்தான் அவருக்கு நோய் இருந்தது தெரியும். இரண்டாமவரின் தாய் சுந்தரவனத்து ஓரத்தில் ஒருநாளும் சோதிக்கப்படாமல் இறந்திருக்கலாம். ‘சோதிக்கவில்லை’ என்பது படிவத்தில் ‘இல்லை’ என்று மாறி, 10 அல்லது 20 மதிப்பெண்ணை விழுங்கிவிடுகிறது. கருவியை நான் குறைசொல்லவில்லை. இலட்சக்கணக்கானோரைச் சோதனைக்கு அழைக்க மலிவான வழி காட்டியது அது. பரிசோதனைக்கூடம் எட்டாத குடும்பங்களில் அந்த நான்காவது கேள்வி நோயைவிட வசதியையே அளக்கிறது என்றுதான் சொல்கிறேன். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்ட காலத்தில், இது சின்ன விஷயம் அல்ல.

புள்ளியியலாளரின் மறுப்பு எனக்குத் தெரியும். அந்தப் பெண் விடுபடவில்லை. தெற்கு 24 பர்கனாக்களின் ஏதோ ஒரு கிராமத்தில் எண்ணப்படுகிறார். ஒருவரை ஓரிடத்தில் எண்ணுவதே முறை, இல்லாவிட்டால் இரட்டிப்பாகும். மாநிலத்துக்கோ நாட்டுக்கோ மொத்த எண் வேண்டுமானால் இந்த வாதம் சரியே. வார்டு அளவில் திட்டமிடும்போது பொருந்தவில்லை. முப்பது வயதைக் கடந்தோருக்கான தேசியத் தொற்றாநோய்ச் சோதனையில், ‘ஆஷா’ எனப்படும் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து இடர்ப் படிவத்தை நிரப்பவேண்டும். அவர் பகலில் கிராமத்து வீட்டுக்கு வரும்போது இந்தப் பெண் பாலிகஞ்சில் இருக்கிறார். பாலிகஞ்சின் நகராட்சிப் பணியாளர் மாடி ஏறிவரும்போது இவர் ‘இந்த வீட்டு ஆள் இல்லை’. இரண்டு பட்டியல்களும் விதிப்படி சரி. இரத்த அழுத்தக் கருவியின் பட்டை மட்டும் இவர் கையில் சுற்றப்படுவதில்லை.

மாற்று முறை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அல்ல. 2014-15-ல் எச்.ஐ.வி. தொடர்பான தேசிய ஆய்வில், வீட்டில் தேடிக் கிடைக்காதவர்களை அவர்கள் கூடும் இடத்திலும் நேரத்திலும் சென்று மாதிரி எடுத்தார்கள். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் அதையே செய்யலாம். பாலிகஞ்ச் நடைமேடை, கரியாஹாட் நடைபாதைக் கடைகள், அடுக்குமாடிகளின் காவலர் அறை, ஓட்டுநர்கள் கூடும் டீக்கடை என்று இடமும் நேரமும் குறித்துப் பட்டியல் போட முடியும். வங்காளத்தின் வீட்டுப்பணிப் பெண்களின் அமைப்பான பச்சிம்பங்க கிருஹ பரிசாரிகா சமிதி 2018-ல் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. பட்டியல் போட உதவக் கூடியவர்கள் அவர்களே. ‘எங்கே உறங்கினீர்கள்’ என்பதோடு ‘நேற்றுப் பகல் எங்கே இருந்தீர்கள், எத்தனை மணிநேரம், கழிப்பறை இருந்ததா’ என்ற கேள்விகளையும் சேர்த்தால், ஒரே ஆளை இரண்டு இடத்தில் எண்ணும் பயமும் இல்லை. இரண்டு பதிவுகளையும் பிரித்தறிய அந்தப் பதில்களே போதும்.

நேரம்தான் உண்மையான தடை. திரும்பும் வண்டி வருவதற்கு முன் நடைமேடையில் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். இரத்த அழுத்தத்தைச் சரியாக அளக்க ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு முறை எடுக்கவேண்டும். நான்காவது வீட்டை முடித்துவிட்டுப் படியேறி வந்தவரை ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னால், கானிங் லோக்கலில் உட்கார இடம் போய்விடும் என்பார்.