தொட்டுப் பார்த்தால் மட்டும் போதுமா? திருப்பூர் கணக்கும் ஸ்போர்ட்ஸ் செடான் வரலாறும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் நுழையும் வெளிநாட்டு பையர் முதலில் என்ன செய்வார்? துணியைக் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பார். அதோடு விட்டுவிடுவாரா என்றால் அதுதான் இல்லை. வட்டமான கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி எடுத்து தராசில் வைப்பார்கள். எடை 1.8 கிராம் என்றால் அது 180 ஜிஎஸ்எம் துணி. கை சொன்னது சரியா தப்பா என்று தராசு சொல்லிவிடும். மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. சொன்ன தேதிக்குச் சரக்கு வருமா? அடுத்த சீசனிலும் இந்தக் கம்பெனி இருக்குமா?

கை, தராசு, நாளை. இந்த மூன்று கேள்விகளோடு நம் ஊரில் விற்ற ஸ்போர்ட்ஸ் செடான்களின் கதையைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். வாங்க பார்க்கலாம்.

ஒப்பிடவே வழியில்லாத காலம்

1980களின் தொடக்கம் வரை கார் வாங்குவது என்றால் அம்பாசடரா, பிரீமியர் பத்மினியா என்பதுதான் கேள்வி. பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எந்தக் கம்பெனி எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசாங்கத்தின் லைசென்ஸ் முடிவு செய்தது. இதில் எங்கே போய் ஒப்பிடுவது?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் நிலைமை மாறியது. விலை சுமார் 50,000 ரூபாய். பழைய கம்பெனிகள் விழித்துக்கொண்டன. அடுத்த இரண்டு வருடங்களில் பணக்காரர்களுக்கென்று மூன்று கார்கள் வந்தன.

ஒன்று, இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டர் காரின் உடம்பு, உள்ளே அம்பாசடரின் 1.5 லிட்டர் என்ஜின். இரண்டு, பிரீமியர் 118 என்இ. இத்தாலியின் ஃபியட் 124 உடம்பு, ஜப்பானின் நிஸான் என்ஜின். மூன்றாவது நம் சென்னையில் செய்தது. வண்டலூர் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-ல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000.

பார்வைக்கு மூன்றிலும் ராஜா ஸ்டாண்டர்டு 2000 தான். அது இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதை வாங்கிய வடிவம். பார்த்தவர்கள் சொக்கிப் போனார்கள். கை பாஸ் மார்க் போட்டுவிட்டது!

தராசு? அங்கேதான் சிக்கல். இங்கிலாந்தில் அந்தக் காரில் 3.5 லிட்டர் வி8 என்ஜின் வரை உண்டு. இங்கே போட்டது 1940களின் ஸ்டாண்டர்டு வான்கார்டு குடும்பத்திலிருந்து வந்த பழைய 2 லிட்டர் என்ஜின். சுமார் 83 குதிரைத்திறன். பெட்ரோலை நன்றாகவே குடித்தது. புலி வேஷம் கட்டிய மாடு என்றுதான் சொல்ல வேண்டும். 1988-ல் உற்பத்தி நின்றது. கம்பெனியும் மூடப்பட்டது. வாங்கியவர்கள் உதிரி பாகங்களுக்கு அலைய வேண்டியதாயிற்று. ஆக இரண்டாவது கேள்வியிலும் தோல்வி, மூன்றாவதிலும் தோல்வி.

வேகம் தெரிந்த மண்

இதே காலத்தில்தான் திருப்பூரும் வளர்ந்தது. 1985-ல் 20 கோடி ரூபாய்க்கும் குறைவாக இருந்த பின்னலாடை ஏற்றுமதி, 2000களில் பல ஆயிரம் கோடியைத் தொட்டது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990-ல் தொடங்கியது. பையரை கோவை விமான நிலையத்திலிருந்து அவினாசி வழியாக அழைத்து வர ஒரு நல்ல கார் வேண்டும். அந்தக் காரும் கம்பெனியின் சாம்பிள் மாதிரிதான், முதல் அபிப்ராயம் அதில்தான் தொடங்கும்.

பக்கத்திலேயே கோவை. மில் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களை உருவாக்கினார். சோழவரம் ரேஸில் அவர் பெயர் பிரபலம். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். வேகம் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நிஜமான போட்டி

1993-ல் கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனது. அதன் பலன் 1998, 1999-ல் தெரிந்தது. 1998-ல் ஹோண்டா சிட்டி. அதே வருடம் திருவள்ளூரில் செய்த மிட்சுபிஷி லான்சர். 1999-ல் மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகான், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்த ஹூண்டாய் ஆக்ஸென்ட். நான்கில் மூன்று தமிழ்நாட்டில் பிறந்தவை!

இப்போதுதான் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கி ஒப்பிட முடிந்தது.

லான்சரிடம் பெயர் இருந்தது. 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு வருடம் டாமி மாக்கினன் உலக ராலி பட்டத்தை வென்றது லான்சர் எவல்யூஷனில்தான். ஆனால் அந்தக் காரில் டர்போ என்ஜின், சுமார் 280 குதிரைத்திறன். நம் ஊர் 1.5 லிட்டர் லான்சரில் 90 கூட இல்லை. பெயர் ஒன்று, என்ஜின் வேறு. ஐகான் 1.6-ல் சுமார் 90 குதிரைத்திறன், ஓட்டுவதற்கு விறுவிறுப்பு. 2000-ல் வந்த சிட்டி 1.5 விடெக் 106 குதிரைத்திறனோடு எல்லோரையும் முந்தியது. தராசில் வைத்தால் சிட்டிதான் வெற்றி.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 2003-ல் ஹோண்டா புது சிட்டியைக் கொண்டுவந்தது. பவர் 77 குதிரைத்திறனாகக் குறைந்துவிட்டது! ரேஸ் பிரியர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆனால் உள்ளே இடம் அதிகம், மைலேஜ் அதிகம். கார் நன்றாக விற்றது. வாயால் ஸ்போர்ட்ஸ் பேசியவர்கள் பர்ஸால் மைலேஜுக்கு ஓட்டுப் போட்டார்கள். பல நாள் விரும்பிகள் கேட்ட 100 குதிரைத்திறன் விடெக் பின்னால் திரும்பி வந்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கம்பெனி பெயரில் கார் வாங்கினால் தேய்மானம் கழிக்கலாம். அப்போது வருடத்துக்கு 20 சதவீதம், பின்னால் 15 சதவீதம் ஆனது. 8 லட்சம் ரூபாய் காருக்கு முதல் வருடம் 1.6 லட்சம், அடுத்த வருடம் மீதி 6.4 லட்சத்தில் 1.28 லட்சம். ஆனால் 1975 பிப்ரவரிக்குப் பிறகு, 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வெளிநாட்டில் தயாரான கார்களுக்குப் பொதுவாக இந்தக் கழிவு கிடையாது. இறக்குமதி வரி ஒருபக்கம், இது ஒருபக்கம். உள்ளூரில் செய்த லான்சர், சிட்டி பக்கம் கணக்கு சாய்ந்ததில் ஆச்சரியமில்லை.

மறந்துபோன மூன்றாவது கேள்வி

இன்று அந்தப் பட்டியலைப் பாருங்கள். கான்டெஸா 2002-ல் நின்றது. லான்சரின் விற்பனை முடிந்து பல காலமாகிவிட்டது. ஐகான் 2011-ல் போனது. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, 2022-ல் மறைமலை நகரில் உற்பத்தியை நிறுத்தியது. வேகத்தில் குறை என்று இவை போகவில்லை. போதுமான எண்ணிக்கையில் விற்காததால் கணக்கு கட்டவில்லை. ஓட்டுவதற்கு அருமையான கார் என்ற பெயர் மட்டும் ஐகானுக்கு மிச்சம். நிலைத்து நின்றது 77 குதிரைத்திறனுக்கு இறங்கி வந்த சிட்டி!

திருப்பூருக்கு இந்தப் பாடம் நன்றாகவே தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணியின் தரம் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. நொய்யலில் கலந்த சாயக்கழிவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் குற்றம். சரக்கு நன்றாக இருந்தும் ஆர்டர்கள் தள்ளாடின. சரக்கு மட்டும் நன்றாக இருந்தால் போதாது, அதைத் தாங்கி நிற்கும் எல்லாமும் நிற்க வேண்டும்.

2023-ல் வந்த ஹூண்டாய் வெர்னா டர்போவில் 160 குதிரைத்திறன். அந்தக் காலத்து ரேஸ் பிரியர்கள் கனவு கண்ட எண்! அதுவும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் தயாராகும் கார். எண்கள் ஏறிவிட்டன, கேள்விகள் அதே மூன்றுதான்.

ஷோரூமில் கதவைச் சாத்தி அந்த 'தப்' சத்தத்தைக் கேளுங்கள், தப்பில்லை. அது கை. பவரையும் மைலேஜையும் காகிதத்தில் எழுதி ஒப்பிடுங்கள், அது தராசு. அதற்குப் பிறகு ஒரு நிமிடம் நின்று, பத்து வருடம் கழித்து இதற்கு ஒரு ஹெட்லைட் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். ஸ்டாண்டர்டு 2000 வாங்கியவர்கள் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.