ரேஸ் சைக்கிளுக்கு சைடு வீல் கிடைக்குமா?

சைக்கிள் கடைக்காரர் முதலில் நான் விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்றுதான் நினைத்தார். ரேஸ் சைக்கிளுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு ஜோடி சைடு வீல் வேண்டும் என்றேன். சின்னப் பிள்ளைகளின் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் மாட்டுவார்களே, அந்தக் குட்டிச் சக்கரங்கள்.

விஷயம் இதுதான். என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வயதில் சைடு வீல் வைத்த சைக்கிளில் அபார்ட்மென்ட் வாசலையே ஆண்டுகொண்டிருந்தவள். ஒரு வருஷம் கழித்து அந்தச் சக்கரங்களைக் கழற்றிய அன்றைக்கே, முதல் வளைவில் விழுந்து இடது கை முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகு சைக்கிள் பக்கமே போகவில்லை. இப்போது அவளுடைய தோழிகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள். இவள் பால்கனியில் நின்று பார்க்கிறாள். இதைக் கண்ட என் மகன், அவள் பிறந்த நாளுக்கு வளைந்த ஹேண்டில்பார், கியர், ஒல்லி டயர் எல்லாமாக ஒரு ரேஸ் சைக்கிளை வாங்கி நிறுத்திவிட்டான். ஆசையாக வாங்கினான், யோசித்து வாங்கவில்லை. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுக்கு சைடு வீல் கிடைக்குமா?" என்று என் காதில் மட்டும் கேட்டாள்.

கடைக்காரர் பொறுமையாகவே விளக்கினார். சைடு வீல் செட் 12 அங்குலச் சக்கரத்திலிருந்து 20 அங்குலம் வரை உள்ள பிள்ளைகள் வண்டிக்குத்தான் வருமாம். அதன் பட்டையைப் பின் அச்சில் நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். ரேஸ் சைக்கிளின் அச்சோ உள்ளே துளையுள்ளது. ஒரு மெல்லிய கம்பியும் சின்ன நெம்புகோலும்தான் சக்கரத்தைப் பிடித்திருக்கின்றன. பட்டை மாட்ட மரையே வெளியே இல்லை. போதாததற்கு வலது பக்கம் கியர் மாற்றும் கருவி தொங்குகிறது. "பெரியவங்களுக்குன்னு கனமான செட்டு ஒண்ணு வருது சார். அது சாதாரண நட்டு வச்ச அச்சுக்குத்தான் சரிப்படும். இதுல மாட்டுனா வண்டிக்கும் ஆகாது, பாப்பாவுக்கும் ஆகாது" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "ஏங்க, புதுக்கோட்டையில அத்தனை பொம்பளைங்க கத்துக்கிட்டாங்களே, எவளாவது சைடு வீல் போட்டா கத்துக்கிட்டா?"

பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன். இரண்டு சக்கரத்தின் மேல் விழாமல் இருக்க மனிதர்கள் எப்படித்தான் பழகினார்கள் என்று சில நாள் உட்கார்ந்து படித்தேன்.

முதல் வண்டிக்குப் பெடலே கிடையாது. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் என்ற வன அதிகாரி 1817 ஜூன் 12 அன்று ஒரு மரவண்டியை ஓட்டிக் காட்டினார். முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரம், நடுவில் உட்காரும் பலகை, முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு பிடி. ஏறத்தாழ 22 கிலோ எடை. ஓட்டுபவர் இரு கால்களாலும் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு கிலோமீட்டர். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார் அவர். சரிந்தால் கால் தரையில் இருக்கிறது, அவ்வளவுதான். 1819இல் லண்டனில் டெனிஸ் ஜான்சன் என்ற வண்டி கட்டுபவர் இதே மாதிரி செய்து விற்றதோடு, ஓட்டப் பழக்கும் கூடமும் நடத்தினார்.

சிக்கல் பிறந்தது 1860களில், பாரிஸில் முன்சக்கரத்தில் பெடல் வைத்தபோது. கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. பயமும் அன்றைக்குத்தான் பிறந்திருக்க வேண்டும். அடுத்து வந்த உயரச் சக்கர வண்டியில் கேட்கவே வேண்டாம். ஒரு கல் தட்டினால் ஆள் தலைகுப்புற. பயந்தவர்கள் மூன்று சக்கர வண்டிக்குப் போனார்கள். விக்டோரியா மகாராணியே 1881இல் அப்படி இரண்டு வண்டி வரவழைத்தார். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில், பின்சக்கரத்துக்குச் செயின் வைத்து 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். நாம் ஓட்டியதெல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

இதில் ஒரு வேடிக்கை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தது தன் சின்ன மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக. மறு வருஷமே அந்த ஊர் சைக்கிள் பந்தயத்தில் வில்லி ஹியூம் என்பவர் அந்த டயரைப் போட்டு வென்றார். ரேஸ் சைக்கிளின் டயரே குழந்தை வண்டியிலிருந்து வந்தது என்று பேத்தியிடம் சொன்னேன். "அப்ப சைடு வீலும் வரலாம்ல?" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சரித்திரம் சொல்வதில் இது ஒரு தொல்லை.

உயரச் சக்கர வண்டியைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கற்றுக்கொண்டவர்களில் எழுத்தாளர் மார்க் ட்வைனும் ஒருவர். எந்தப் பக்கம் விழுகிறோமோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும் என்பதுதான் அவர் பல முறை விழுந்து கண்ட பாடம். உடம்பு அதற்கு நேர் எதிராகச் செய்யத் துடிக்கும். விமானம் கட்டிய ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். இடப்பக்கம் திரும்ப எண்ணுகிற சைக்கிள்காரன் முதலில் பிடியை லேசாக வலப்பக்கம் தள்ளுகிறான், அது அவனுக்கே தெரிவதில்லை என்று வில்பர் ரைட் கவனித்திருக்கிறார்.

இதைப் படித்தபோதுதான் என் பேத்தி முதல் வளைவில் ஏன் விழுந்தாள் என்று எனக்குப் புரிந்தது. சைடு வீல் இருக்கிற வண்டி சாயாது. வலப்பக்கம் திருப்பினால் உடம்பு இடப்பக்கம் தள்ளப்படும், இடது குட்டிச் சக்கரம் தாங்கிக்கொள்ளும். ஒரு வருஷம் முழுக்க அவள் பழகியது அது. நிஜ சைக்கிளில் வளைவுக்கு உள்பக்கம் சாய வேண்டும். பெடல் மிதிக்கத்தான் கற்றாள். சாயக் கற்கவே இல்லை. அவள் மேல் தப்பில்லை.

என் தலைமுறை கற்றதை யோசித்துப் பாருங்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிள். முதலில் இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்தி ஓடுவோம். டிரைஸ் துரை செய்ததில் பாதி அதுதான். பிறகு பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல். சீட்டில் ஏறும்போது சாய்மானம் ஏற்கெனவே உடம்பில் இருந்தது.

இனி புதுக்கோட்டை. 1991-92இல் நான் அந்த மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். நான் பார்த்தது ஒரே ஒரு பள்ளிக்கூட மைதானம். சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெண்கள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருத்தி கேரியரைப் பிடிக்க ஒருத்தி ஓட்டுவாள். விழுந்தால் சிரிப்பு. பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியையே விரும்பினார்கள். அந்தப் பாரில் பிள்ளைக்கு ஒரு சின்ன சீட்டு மாட்டிக்கொள்ளலாம். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் நகரத்துக்குள் வந்தார்கள்.

எதிர்வீட்டு டீச்சர் அந்த மைதானத்துக்கு என் மனைவியையும் கூப்பிட்டார். நான்தான் தடுத்தேன். "பேங்க் ஆபீசர் பொண்டாட்டி தெருவுல விழுந்து எந்திரிச்சா ஊர் என்ன பேசும்?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் இருந்த மூன்று வருஷமும் மார்க்கெட்டுக்கும் பையனின் பள்ளிக்கும் வெயிலில் நடந்தே போனாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நானும் அதைப் பேசவில்லை, அவளும் பேசவில்லை, வெங்காயம் உரித்த அந்த நாள் வரை.

சைடு வீல் யோசனையை விட்டோம். பெடல் இரண்டையும் கழற்றி, சீட்டை முடிந்தவரை இறக்கி, ரேஸ் சைக்கிளை டிரைஸ் வண்டியாக்குவது என்று முடிவு. இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை நான் மறந்துபோய், கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிவிட்டேன். கடைக்காரர் வந்துதான் எடுத்தார். முதல் இரண்டு நாள் அவள் இரு காலாலும் உந்தி நடந்தாள். நான்காம் நாள் கால்கள் தரையைத் தொடாமல் இருக்கும் நேரத்தை அப்பத்தா வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஏழு, ஒன்பது, பதினான்கு. ஒன்பதாம் நாள் வளைவில் தானாகச் சாய்ந்து திரும்பினாள். மறுநாள் பெடலை மாட்டினோம். ஒரு தடவை விழுந்தாள்; முட்டியில் சிராய்ப்பு.

அன்று இரவு மனைவியிடம் கேட்டேன்: "நீயும் கத்துக்கிறியா?"

"இந்த முழங்காலை வச்சுக்கிட்டா? அப்பக் கேட்டிருக்கணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி தோழிகளோடு கிளம்பினாள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு. கியர் மாற்ற இன்னும் தெரியாது, ஒரே கியரில்தான் போனாள். அப்பத்தா பால்கனியில் நின்று தெரு முனை வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.