ஜுஃப்ரே எதிர் மேக்ஸ்வெல்

ஜுஃப்ரே எதிர் மேக்ஸ்வெல் என்பது அமெரிக்காவின் நியூயார்க் தெற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 2015இல் தொடரப்பட்ட அவதூறு வழக்கு. இது முத்திரையிட்ட நீதிமன்ற ஆவணங்களைப் பொதுப் பார்வைக்குத் திறப்பது குறித்த முக்கிய முன்தீர்ப்புக்கு வழிவகுத்தது. ஜெஃப்ரி எப்ஸ்டைனின் பாலியல் குற்றங்களுக்குத் துணைநின்றதாகத் தன்னைப் பற்றி வர்ஜீனியா ஜுஃப்ரே கூறியதைக் கிலேன் மேக்ஸ்வெல் பொய் என மறுத்ததே வழக்கின் மூலம். 2017இல் சமரசமாக முடிந்தபோதும் ஆவணங்கள் மூடியே கிடந்தன.

மியாமி ஹெரால்டு நாளிதழ், அதன் செய்தியாளர் ஜூலி பிரவுன் உள்ளிட்டோர் அவற்றைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டில், இரண்டாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஜூலை 3 அன்று தீர்ப்பளித்தது. முழு விசாரணையின்றித் தீர்ப்புக் கோரும் மனுவுடன் தாக்கலானவை நீதித்துறை ஆவணங்களே. அவற்றைக் காணும் மக்களின் உரிமை வலுவானது. மற்றவற்றைத் தனித்தனியே ஆராய வேண்டும் என்றது. தாக்கலாவதாலேயே ஒரு குற்றச்சாட்டு உண்மையாகிவிடாது என்ற அதன் எச்சரிக்கை தீர்ப்பின் பயனுள்ள பகுதி. ஆகஸ்ட் 9 அன்று சுமார் 2,000 பக்கங்கள் வெளியாயின. மறுநாள் எப்ஸ்டைன் சிறையில் இறந்தார்.

2020 ஜூலையில் மேக்ஸ்வெல் கைதானதும் சிக்கல் கூடியது. இந்த உரிமையியல் வழக்கில் 2016இல் அவர் அளித்த வாக்குமூலங்களே பொய்ச்சாட்சியக் குற்றச்சாட்டுக்கு அடிப்படையாயின. அவற்றை வெளியிட்டால் நியாயமான குற்ற விசாரணை கெடும் என்ற அவரது வாதம் ஏற்கப்படவில்லை. 2020 அக்டோபரில் ஒரு வாக்குமூலம் வெளியானது. பொய்ச்சாட்சியக் குற்றச்சாட்டுகள் பின்னர் தனியே பிரிக்கப்பட்டன. பிற குற்றங்களுக்காக 2022இல் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி லொரெட்டா பிரெஸ்காவின் ஆணைப்படி 2024 ஜனவரியில் மேலும் பல ஆவணங்கள் திறக்கப்பட்டன.