மணிக்கட்டுத் தழும்பு

ஹைதராபாத் அமீர்பேட்டில் ஜாவா படிக்க வந்த வருடம், மைத்ரிவனத்துக்குப் பின்னால் நாலு பேர் சேர்ந்து எடுத்த அறையில் பிறந்தது இந்தத் தழும்பு. அப்பளம் பொரித்த சட்டியை இறக்கும்போது எண்ணெய் சாய்ந்து இடது மணிக்கட்டில் கொட்டியது. அறைத்தோழன் பதறிப்போய் டூத் பேஸ்ட் தடவினான். பாசத்தில் செய்தான், பாவம். கையை உடனே குழாயடியில் இருபது நிமிடம் காட்டியிருக்க வேண்டும்.

காயம் ஆற நாலு வாரம் பிடித்தது. மூன்று வாரம் தாண்டியும் ஆறாத தீக்காயம் தடிப்பான தழும்பாக மாறுவதற்கு வாய்ப்பு அதிகம். திறந்து கிடக்கும் இடத்தை எப்படியாவது மூட வேண்டும் என்று உடம்புக்கு அவசரம். ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் இழைகளை அள்ளிக் குவிக்கின்றன. நல்ல தோலில் பாய் முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழைகள், தழும்பில் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கும். முடி முளைக்காது, வியர்க்காது. மே மாதத்தில் கை முழுக்க நனைந்திருக்க, அந்த இரண்டு அங்குலம் மட்டும் காய்ந்து பளபளக்கும்.

கொலாஜன் மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்களுக்கு உதவியது கங்காரு வாலின் தசைநாண்! நம் ஊரில் அவிழ்ந்த முடிச்சு என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

மூன்றாம் மாதம் தழும்பு சிவந்து மேடாகி, ராத்திரியில் தூங்கவிடாமல் அரித்தது. வாட்ச் பட்டை பட்டாலே எரியும். தோல் டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்து, "ஈ மச்ச எப்பட்டிதி?" என்றார். தெலுங்கில் மச்ச என்றால் தழும்பு; அது எப்போதையது என்று கேட்டிருக்கிறார். பிறவி மச்சத்தையா கேட்கிறார் என்று ஒரு கணம் விழித்தேன். ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்து, "காயம் பட்ட எல்லைக்குள்ளேயே நிற்கிறது, கீலாய்டு இல்லை" என்றார். கீலாய்டு எல்லை தாண்டிப் படரும்; வெறுமனே வெட்டி எடுத்தால் பல பேருக்கு முன்னைவிடப் பெரிதாக வளரும்.

எனக்குச் சொன்னது சிலிக்கோன் ஷீட். தினமும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்டி, கழுவி, மறுபடி ஒட்ட வேண்டும், மாதக்கணக்கில். தடித்த இடத்தில் மாதம் ஒரு ட்ரையாம்சினலோன் ஊசி. அது வலித்த வலி இன்னும் மறக்கவில்லை. வெயில் படாமல் முழுக்கைச் சட்டை. தழும்பு ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும், உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில்தான் சிகிச்சைக்கு நன்றாக வசப்படும். "போனால் போகிறது" என்று அதை வீணாக்குபவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. கண்ட வெளுப்பு கிரீமையும் பூசிக்கொள்ளாதீர்கள்.

ஒன்றரை வருடத்தில் சிவப்பு போய், மேடு அமர்ந்து, பூண்டுத் தோல் மாதிரி மெலிந்து சுருங்கியது. பழைய தோலின் பலத்தில் முக்கால் பங்கைச் சற்றுத் தாண்டலாம், முழுசாக வராது. இப்போது அதன் மேல்தான் வாட்ச் கட்டுகிறேன். டிசம்பர் குளிரில் லேசாக அரிக்கும்; தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தால் அடங்கிவிடும்.