ஹெலிகாப்டர் ரைடு கிஃப்ட் பண்ணப்போறீங்களா? முதல்ல இதைப் படிங்க!

மொட்டை மாடியில உட்கார்ந்திருக்காங்க கணவனும் மனைவியும். வானத்துல ஒரு ஹெலிகாப்டர் போகுது. "இதை வாடகைக்கு எடுக்கணும்னா எவ்ளோ ஆகும்?"னு மனைவி சும்மா கேட்கிறார். கணவர், ராஜஸ்தான் மாநிலம் ஆல்வார் மாவட்டத்துல அரசுப் பள்ளி ஆசிரியர். அந்தக் கேள்வியை அவர் மறக்கவே இல்லை.

2019 ஆகஸ்ட் 31, அவர் ஓய்வுபெற்ற நாள். பள்ளியிலிருந்து சுமார் 22 கி.மீ தூரத்துல இருக்கிற சொந்த ஊருக்கு மனைவியை ஹெலிகாப்டர்லயே கூட்டிட்டுப் போனார். டெல்லியிலிருந்து வரவழைச்ச அந்த ஹெலிகாப்டருக்கு 3.70 லட்சம் ரூபாய். பறந்தது 18 நிமிஷம்தான். ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் வானப் பயணம்.

கரையான்சாவடியில பஸ்ஸுக்கு நிற்கும்போது, மேலே போற விமானத்தை அண்ணாந்து பார்த்து "ஒரு தடவையாவது ஏறிப் பார்க்கணும்"னு சொல்ற அம்மாவோ அப்பாவோ நம்ம வீட்டுலயும் இருப்பாங்க. அவங்களுக்கு ஹெலிகாப்டர் பயணத்தைப் பரிசாகக் கொடுக்க ஆசையா? இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க.

எத்தனை வகை இருக்கு?

ஜாய் ரைடு: ஏறின இடத்துலயே ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடுவாங்க. ஒரு சீட்டுக்கு மட்டும் பணம் கட்டினா போதும். பிறந்தநாள், திருமண நாளுக்கு இதுதான் கைக்கு அடக்கம். 2022-ல சத்தீஸ்கர் அரசு, 10, 12-ம் வகுப்புத் தேர்வுகளில் முதலிடம் பிடித்த 125 மாணவர்களுக்கு ராய்ப்பூர்ல பரிசாகக் கொடுத்ததும் இதைத்தான்.

ஆன்மிகப் பயணம்: கேதார்நாத், வைஷ்ணவி தேவி போன்ற மலைக்கோயில்களுக்கு நடக்க முடியாத பெரியவங்களுக்கு ஏத்தது. கேதார்நாத் டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி-யின் 'ஹெலியாத்ரா' தளத்துலதான் எடுக்கணும். இதே பேர்ல போலித் தளங்கள் நிறைய. வாட்ஸ்அப்ல வர்ற லிங்க்கை நம்பிப் பணம் அனுப்பாதீங்க.

சார்ட்டர்: முழு ஹெலிகாப்டரையும் வாடகைக்கு எடுப்பது. நீங்க பறக்கிற நேரத்துக்கு மட்டுமில்லாம, அது கிளம்பின இடத்துலேருந்து வந்து திரும்பிப் போறதுக்கும் சேர்த்துத்தான் பணம். 18 நிமிஷத்துக்கு லட்சக்கணக்கில் ஆனதுக்குக் காரணம் இதுதான். நினைச்ச கிரவுண்டுல இறக்கவும் முடியாது, மாவட்ட நிர்வாகத்தோட அனுமதி வேணும்.

சர்ப்ரைஸ் பாதிதான் சாத்தியம்!

ஹெலிகாப்டர்ல எடை ரொம்ப முக்கியம். ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் எடை பார்த்து, யார் எங்கே உட்காரணும்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. ஜன்னல் சீட்டை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. அடையாள அட்டையும் கேட்பாங்க. அதனால கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போற ஐடியாவை விட்டுடுங்க. உயரம்னா பயமா, இதயப் பிரச்னை இருக்கா, கர்ப்பமா இருக்காங்களான்னு முன்னாடியே கேட்டுட்டு, தேவைப்பட்டா டாக்டர்கிட்டயும் பேசிடுங்க. பயத்தோட ஏறுறவங்களுக்கு அது பரிசு இல்லை, தண்டனை!

பணம் கட்டும் முன் கேளுங்க

* விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ) அனுமதி பெற்ற நிறுவனமா?
* கட்டணத்துல வரி சேர்ந்திருக்கா? பறக்கும் நேரம் எவ்வளவு?
* வானிலை சரியில்லாம ரத்தானா, பணம் திரும்ப வருமா, வேற தேதி தருவாங்களா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத் அருகே நடந்த விபத்தில் 7 பேர் இறந்தாங்க. அதுல தமிழ்நாட்டிலிருந்து போன பக்தர்களும் உண்டு. 2025 ஜூன் 15 அன்று அதே மலைப்பாதையில் இன்னொரு விபத்து, மறுபடியும் 7 உயிர்கள். ரெண்டு நாளும் மலையில வானிலை மோசம். அதனால, "இன்னிக்குப் பறக்க முடியாது"ன்னு பைலட் சொன்னா சண்டை போடாதீங்க. நன்றி சொல்லிட்டுத் திரும்பி வாங்க. ஊருக்குத் திரும்புற ரயிலை அதே நாள்ல புக் பண்ணாம, ஒருநாள் கூடுதலாக வெச்சுக்கோங்க.

ஏறும்போது...

வால் பக்கம் போகவே கூடாது. அங்கே சுத்துற சின்ன விசிறி வேகத்துல கண்ணுக்கே தெரியாது. ஊழியர் சைகை காட்டின பிறகு, அவங்க காட்டுற வழியில மட்டும் போகணும். தொப்பி, துப்பட்டா எல்லாம் கையில இறுக்கமா இருக்கட்டும். செல்ஃபி ஸ்டிக்கைத் தூக்கிப் பிடிக்காதீங்க.

பட்ஜெட் இடிக்குதா?

கவலை வேண்டாம். ஆஃபர்ல டிக்கெட் வந்தா மீனம்பாக்கத்துலேருந்து மதுரைக்கோ கோவைக்கோ அம்மாவுக்கு ஒரு ஜன்னல் சீட் போட்டுக் கொடுங்க. அதுவும் முடியலையா? ஒரு சாயங்காலம் பரங்கிமலைக்குக் கூட்டிட்டுப் போங்க. விமானங்கள் ஏறுறதையும் இறங்குறதையும் மேலேருந்து செலவில்லாம பார்க்கலாம்.

அந்த ஆசிரியரோட மனைவி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். உங்க வீட்டுல யார் என்ன கேட்டாங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பரிசு அங்கேதான் ஆரம்பிக்குது.