கல்லறையும் கடலும்: குமரிக் கத்தோலிக்கரின் இறந்தோர் நினைவு

1544ஆம் ஆண்டின் இறுதியில் புனித சவேரியார் குமரிக் கடற்கரையின் முக்குவ மீனவர் ஊர்களில் ஞானஸ்நானம் கொடுத்ததைத் தொடர்ந்து அங்கு வேரூன்றிய கத்தோலிக்க மரபு, இறந்தவர்களை இரு வகையாகப் போற்றக் கற்பித்தது. பாவக்கறை முற்றும் நீங்காமல் இறந்து, மோட்சம் சேருமுன் உத்தரிக்கிற ஸ்தலம் எனப்படும் தூய்மை பெறும் நிலையில் இருக்கும் ஆத்துமாக்களுக்காக உயிரோடிருப்போர் மன்றாட வேண்டும். புனிதர்களிடமோ, தமக்காகப் பரிந்துபேசும்படி வேண்டிக்கொள்ளலாம். முதல் வகையினருக்கென்று பிரான்சின் குளூனி மடத்து அதிபர் ஒதிலோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் மடங்களில் ஏற்படுத்திய நவம்பர் 2ஆம் நாளே இன்று கல்லறைத் திருநாளாக வழங்குகிறது.

அந்நாளை ஒட்டிக் குமரி மாவட்டப் பங்குகளின் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கப்பட்டு, கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கப்படுகிறது. பிச்சியும் செவ்வந்தியும் சிலுவைகளில் சார்த்தப்பட்டு, தலைமாட்டில் மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டபின், குருவானவர் செபித்து வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்கிறார். இறந்தவரின் பெயரைப் பூசைக் கருத்தாக எழுதிக் கொடுப்பதும், அதாவது அன்றைய திருப்பலியை அவருக்காக ஒப்புக்கொடுக்கச் செய்வதும், அந்த மாதம் முழுவதும் தொடரும்.

இரண்டாம் வகைக்கு இம்மண்ணின் பெருஞ்சான்று மறைசாட்சி தேவசகாயம். நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருடைய உடல் காட்டில் எறியப்பட, எஞ்சிய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் தேடி எடுத்துக் கோட்டாறு சவேரியார் ஆலயப் பீடத்தின் முன் அடக்கம் செய்தனர். ரோமையின் ஒப்புதலின்றி எவருக்கும் பொது வணக்கம் செலுத்தலாகாது என்று திருத்தந்தை எட்டாம் உர்பன் 1634இல் விதித்திருந்தும், எளிய மக்கள் அக்கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி அவரிடம் மன்றாடுவதை விடவில்லை. 260 ஆண்டுகள் கழித்து, 2012 டிசம்பர் 2 அன்று அவர் அருளாளராகவும், 2022 மே 15 அன்று புனிதராகவும் அறிவிக்கப்பட்டபோது, மக்கள் நெடுங்காலமாகக் கொண்டிருந்த நம்பிக்கையையே திருச்சபை ஏற்றுக்கொண்டது எனலாம்.

தேவசகாயத்துக்கு எலும்புகளாவது கிடைத்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இறந்தோர் பலருக்குக் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் பொதுக்குழியாவது அமைந்தது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்று திரும்பாதவர்களில் பலருக்கு அதுவும் இல்லை. பழைய இலத்தீன் வழிபாட்டில், உடல் இல்லாதபோதும், மூன்றாம், ஏழாம், முப்பதாம் நாள் பூசைகளிலும், கறுப்புத் துணி போர்த்திய வெற்றுப் பாடையைக் கோவிலின் நடுவில் வைத்து, சுற்றிலும் திரிகள் ஏற்றி, தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டும் முறை இருந்தது. உடலின் இடத்தில் நின்ற அந்தப் பாடை, அழுவோருக்குச் சுற்றி நிற்க ஓர் இடம் தந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1969இல் வெளிவந்த புதிய அடக்கச் சடங்கு, இறுதிப் பிரியாவிடைச் சடங்கை உடல் இருக்கும்போது மட்டுமே நடத்த வேண்டும் என்று வரையறுத்ததோடு அம்முறை மறைந்தது. தெளிவுக்காகச் செய்யப்பட்ட மாற்றமே ஆயினும், கடலில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அது இழப்பே. உடல் கிடைக்காதவர்களுக்கென ஒரு தனிச் சடங்கைக் கடற்கரைப் பங்குகளுக்கு வகுத்துத் தருவது திருச்சபையின் கடமை.