நிஜாமிய்யாவின் முதல் நாள்

நம் மத்ரஸாக்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் நிதி திரட்டுவோர், எவரிடம் கேட்பது என்றே கவலைப்படுகின்றனர். அது எவ்வழியில் வந்த பொருள் என்னும் வினா பின்தங்கிவிடுகிறது. அவ்வினாவை பக்தாதில் ஓர் ஆசிரியர் எழுப்பிய வரலாற்றை இங்கே நினைவுகூர்கிறோம்.

ஸல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க், ஹிஜ்ரி 459இல் (கி.பி. 1067) அங்கு நிஜாமிய்யா மத்ரஸாவைத் திறந்தார். கட்டடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ஆசிரியரின் ஊதியமும் மாணவரின் உணவும் தடைபடாதிருக்க, வருவாய் தரும் சொத்துகளை வக்ஃப் செய்தார். நன்கொடை ஒருநாள் தீர்ந்துபோகும். வக்ஃபில் மூலப்பொருள் நிலைத்திருக்க, விளைச்சல் மட்டுமே செலவாகும். இன்றும் இதைவிடச் சிறந்த ஏற்பாடு நமக்குத் தெரியவில்லை.

பாடம் நடத்த அழைக்கப்பட்டவர் இமாம் அபூ இஸ்ஹாக் ஷீராஸீ (ரஹ்). திறப்பு நாளில் மக்கள் திரண்டு காத்திருந்தனர், அவர் வரவில்லை. அவ்விடம் அபகரிக்கப்பட்டது என்ற பேச்சு அவர் செவிக்கு எட்டியிருந்தது. ஆகவே இப்னுஸ் ஸப்பாக் பாடத்தைத் தொடங்கினார். 20 நாட்கள் கழிந்தன. தம் மாணவர்களே விலகிச் செல்லும் நிலை வந்தபோதுதான் ஷீராஸீ இசைந்தார். 1083இல் மரணிக்கும்வரை அங்கே கற்பித்தார். எனினும், தொழுகை நேரம் வந்தால் மத்ரஸாவிலிருந்து வெளியேறி வேறொரு பள்ளிவாசலில் தொழுதுவந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.